பானை மேல் எழுதிய கதைகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழின் பின்னட்டையில் ஒரு பழைய கிரேக்கப் பானையின் படம் போட்டிருந்தோம். கவசம் அணிந்த இரண்டு வீரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஏதோ ஆடிக்கொண்டிருக்கும் படம். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முழுப் பகுதியையும் அந்தப் பானைகளுக்கே கொடுத்துவிட்டேன்.

கே: அந்த இரண்டு வீரர்கள் யார்? ஹோமரின் இலியட்டில் இந்தக் காட்சி எங்கே வருகிறது? நானும் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. (திருநெல்வேலி வாசகர்)

ப: அகப்படாது. ட்ராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியமான இலியட்டில் அந்தக் காட்சியே இல்லை. அதைச் சொல்லும் பழைய நூல் எதுவும் இன்று நம்மிடம் இல்லை. ஆனால் பானைகளில் மட்டும் 150 தடவைக்கு மேல் வரைந்திருக்கிறார்கள். அதில் எல்லாவற்றையும்விட உயர்ந்தது நாம் போட்ட படம். கி.மு. 540–530 வாக்கில் ஏதென்ஸில் எக்செகியாஸ் என்ற ஓவியர் வரைந்தது, இப்போது வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பானையின் வாய்ப்பகுதியில் ‘எக்செகியாஸ் என்னை வரைந்தான், செய்தான்’ என்று பானையே பேசுவதுபோல எழுதியும் வைத்திருக்கிறார்.

இடப்பக்கம் அக்கிலீஸ், வலப்பக்கம் அயாக்ஸ். இருவரும் ட்ராய் போரில் கிரேக்கர் பக்கத்தின் பெரிய வீரர்கள். போருக்கு நடுவே கிடைத்த ஓய்வு நேரம்; நடுவில் ஒரு கட்டை, அதன்மேல் ஆட்டம். இரண்டு பேருமே ஈட்டியைக் கீழே வைக்கவில்லை, தோளில் சாய்த்துப் பிடித்தபடியே குனிந்திருக்கிறார்கள். அந்த ஈட்டிகளின் சாய்ந்த கோடுகள் நம் கண்ணை நேராக அந்தக் கட்டைக்கு இழுத்துக்கொண்டு போகின்றன. படத்தைப் பெரிதாக்கி மேலாடைகளைப் பாருங்கள். நட்சத்திரமும் பூவும் கோலமுமாக, கறுப்புப் பூச்சின் மேல் கூர்முனையால் கீறிய மயிரிழைக் கோடுகள், தாடியில் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக. அக்கிலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, அதனால் அயாக்ஸைவிட உயரமாகத் தெரிகிறான். அயாக்ஸ் தன் தலைக்கவசத்தைக் கழற்றிப் பின்னால் கேடயத்தின்மேல் வைத்துவிட்டான்.

இருவரின் வாயிலிருந்தும் இரண்டு சொற்கள் புறப்படுகின்றன. அக்கிலீஸ் சொல்வது ‘தெஸரா’, அதாவது நாலு. அயாக்ஸ் சொல்வது ‘த்ரியா’, மூன்று. ஆட்டத்தில் அக்கிலீஸ் ஜெயிக்கிறான், அவ்வளவுதான் படம். ஆனால் அதைப் பார்க்கிற கிரேக்கனுக்கு மீதிக் கதை முழுக்கத் தெரியும். அக்கிலீஸ் சீக்கிரமே சாகப்போகிறான், அவன் உடலைத் தோளில் சுமந்து போர்க்களத்திலிருந்து கொண்டுவரப் போவது எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த அயாக்ஸ்தான். அப்புறம் அக்கிலீஸின் கவசம் யாருக்கு என்ற போட்டியில் அது இன்னொரு கிரேக்க வீரன் ஒடிசியஸுக்குப் போய்விடும், அந்த அவமானத்தில் புத்தி பேதலித்து, தெளிந்தபின் அயாக்ஸ் தன் வாளிலேயே விழுந்து உயிரை விடுவான். இத்தனையும் தெரிந்த ஒருவர் அந்த ‘மூன்று’ என்ற சொல்லைப் படித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சாவையும் எக்செகியாஸ் வரைந்திருக்கிறார். அந்தப் பானை பிரான்சில் பூலோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற ஓவியர்கள் அயாக்ஸ் வாளில் விழுந்து கிடப்பதைத்தான் வரைந்தார்கள். இவர் அதற்கு முந்தைய நிமிடத்தை எடுத்துக்கொண்டார். ஆள் தன்னந்தனியாகக் குந்தியிருக்கிறான். வாளைப் பிடி கீழே, முனை மேலே இருக்கும்படி நட்டு, சுற்றிலும் மண்ணை அணைத்துக் கையால் தட்டிக் கெட்டிப்படுத்துகிறான், நாற்று நடுகிற கவனத்தோடு. நெற்றியில் சுருக்கம். ஒரு பக்கம் கேடயமும் தலைக்கவசமும் சும்மா நிற்கின்றன, இன்னொரு பக்கம் ஒரு மரம். வேறு யாரும் இல்லை. ஒரு துளி ரத்தம் இல்லாத இந்தப் படத்தை முதல்முறை பார்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இந்த ஓவியர்கள் புத்தகத்துக்குப் படம் போட்டவர்கள் என்ற எண்ணம் அன்றோடு போய்விட்டது. கதையில் எந்த நொடியில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அவர்களேதான்.

கே: அந்தக் கறுப்பு நிறம் என்ன சாயம்? 2,500 வருஷமாக மங்காமல் எப்படி இருக்கிறது? (மானாமதுரை வாசகர்)

ப: மானாமதுரையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். அது சாயமே இல்லை, மண்தான். இரும்புச் சத்துள்ள களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, பொடி மண் எல்லாம் அடியில் தங்கியபின் மேலே நிற்கிற மிக நுண்ணிய குழம்பை எடுத்து அதைக்கொண்டு வரைவார்கள். மிச்ச வேலை சூளையில். முதலில் காற்றோட்டம் விட்டு எரிக்கும்போது பானை முழுக்கச் சிவக்கும். அப்புறம் காற்று வழியை அடைத்து, ஈர விறகைப் போட்டுப் புகை கட்டுவார்கள். சூடு 900 டிகிரியைத் தாண்டும், உள்ளே பிராணவாயு இல்லாததால் மண்ணிலுள்ள இரும்பு கறுத்து, பானை மொத்தமும் கறுப்பாகிவிடும். அந்தச் சூட்டில் குழம்பு பூசிய இடம் மட்டும் இளகி, கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். கடைசியாக மறுபடி காற்றைத் திறந்து விட்டால், பூசாத இடம் காற்றை உறிஞ்சிப் பழையபடி சிவந்துவிடும், பூசிய இடத்துக்குள் காற்று நுழைய முடியாது, அது கறுப்பாகவே நின்றுவிடும்.

மூன்று கட்டமும் ஒரே சூளை ஏற்றத்தில் முடிந்தாக வேண்டும். வரைகிற நேரத்தில் குழம்பின் நிறமும் பானையின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். கறுப்பு எப்படி வரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் கோடு இழுக்க வேண்டும். காற்று விடும் நேரம் கொஞ்சம் தவறினால் பச்சையும் பழுப்புமாகக் கறை விழுந்துவிடும், அப்படி வந்த பானைகளும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கே: சில பானைகளில் ஆட்கள் கறுப்பாகவும் பின்புறம் சிவப்பாகவும் இருக்கிறார்கள், சிலவற்றில் தலைகீழாக இருக்கிறது. பெண்கள் மட்டும் வெள்ளையாக இருப்பதும் ஏன்? (கோவை வாசகி)

ப: கறுப்பு உருவ முறைதான் மூத்தது. கொரிந்த் நகரில் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கி ஏதென்ஸுக்கு வந்தது. அந்த முறையில் ஆண்களைக் கறுப்பாகவே விட்டு, பெண்களின் முகம் கை கால்களுக்கு வெள்ளைப் பூச்சு கொடுப்பது வழக்கம். யார் ஆண், யார் பெண் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கி.மு. 520-களை ஒட்டி ஏதென்ஸில் இதைத் திருப்பிப் போட்டார்கள். பின்புறத்தைக் கறுப்பாக்கி, உருவத்தை மண்ணின் சிவப்பிலேயே விட்டார்கள். கீறுவதற்குப் பதில் தூரிகையால் கோடு போட வந்ததும் தசை, துணி மடிப்பு, முகத்தின் வலி எல்லாம் படத்துக்குள் வந்துவிட்டன. மாறுகிற காலத்தில் செய்த ஒரு பானை மியூனிக்கில் இருக்கிறது. மாவீரன் ஹெராக்ளிஸ் சாய்ந்து படுத்து இளைப்பாற அதீனா தெய்வம் எதிரே நிற்கும் காட்சி ஒரு பக்கம் சிவப்பு உருவமாக, மறுபக்கம் அதே காட்சி கறுப்பு உருவமாக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் இங்கே எழுதியதே தேவையில்லை.

கே: ஒரு பானையில் ஒரு கதைதானா? நம் கோயில் சுவர்களில்போலப் பல கதைகளை வரிசையாக வரைந்ததுண்டா? (கும்பகோணம் வாசகர்)

ப: உண்டு. பிளாரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரான்சுவா பானை. கி.மு. 570 வாக்கில் எர்கோடிமோஸ் வனைந்தது, கிளைடியாஸ் வரைந்தது. மதுவையும் தண்ணீரையும் கலப்பதற்கான பெரிய பாத்திரம், உயரம் 66 சென்டிமீட்டர். அதற்குள் 270 உருவங்கள், 120-க்கு மேற்பட்ட எழுத்துக் குறிப்புகள். காட்டுப்பன்றி வேட்டை, அக்கிலீஸின் நண்பன் பெட்ரோகிளஸின் ஈமச்சடங்குத் தேர்ப் பந்தயம், அக்கிலீஸின் பெற்றோரான பீலியஸ், தெட்டிஸ் கல்யாணத்துக்குத் தேவர்கள் எல்லாம் ஊர்வலம் வருவது, பாதத்தில் குள்ளர்களுக்கும் கொக்குகளுக்கும் சண்டை, கைப்பிடியில் அக்கிலீஸின் உடலைச் சுமக்கும் அயாக்ஸ். சுற்றிச் சுற்றி வந்தால் அக்கிலீஸின் பெற்றோர் கல்யாணத்திலிருந்து அவன் பிணம் வரைக்கும் வந்துவிடுகிறது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன இடம். ட்ராய் இளவரசன் ட்ரோயிலோஸ் குதிரையில் தப்பி ஓடுகிறான், அக்கிலீஸ் கால்நடையாகவே துரத்துகிறான். தண்ணீர் எடுக்க வந்த தங்கை பயத்தில் போட்டுவிட்டு ஓடிய குடம் குதிரைக் காலடியில் கிடக்கிறது. கிளைடியாஸ் அதன் பக்கத்தில் ‘குடம்’ என்று எழுதியிருக்கிறார். கிணற்றடிக்குப் பேர் எழுதியிருக்கிறார், ட்ராய் ராஜாவான கிழவன் ப்ரியாம் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு ‘இருக்கை’ என்று எழுதியிருக்கிறார். குடம் குடம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மனிதர் எழுதினார். எழுத்து இன்னும் புதுசாக இருந்த காலத்தின் ஆசை அதில் அப்படியே தெரிகிறது.

இந்தப் பானைக்கு ஒரு கெட்ட நாளும் வந்தது. 1900-ல் அருங்காட்சியகக் காவலாளி ஒருவர் கோபத்தில் ஒரு நாற்காலியை எடுத்து வீச, கண்ணாடிப் பெட்டியோடு பானையும் 638 துண்டாகிவிட்டது. பொறுக்கி ஒட்டினார்கள். 1973-ல் பிரித்து மறுபடியும் ஒட்டினார்கள். இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

கே: புத்தகத்தில் இல்லாத கதை என்று முதல் பதிலில் சொன்னீர்கள். அப்படி வேறு ஏதாவது? (யாழ்ப்பாண வாசகர்)

ப: ஒன்று சொல்கிறேன், பார்த்தால் தூக்கிவாரிப் போடும். தங்க ஆட்டுத்தோலைத் தேடிப் போன ஜேசன் கதை தெரியுமல்லவா, மந்திரக்காரி மெடேயா உதவியால் தோலைக் காக்கும் பாம்பை மயக்கி அவன் ஜெயித்தான் என்றுதான் நூல்கள் சொல்கின்றன. ஆனால் வாட்டிகனில் இருக்கும் ஒரு கிண்ணத்தில் டூரிஸ் என்ற ஓவியர் வரைந்தது வேறு. பிரம்மாண்டமான பாம்பு வாயைப் பிளந்திருக்க, அதிலிருந்து ஜேசன் பாதி உடம்பு வெளியே, தலைமுடியும் கைகளும் தொங்க, துவண்டு கிடக்கிறான். விழுங்கிவிட்டுக் கக்குகிறது. பின்னால் மரத்தில் தங்கத்தோல். முன்னால் கையில் ஆந்தையோடு அதீனா நின்று பார்க்கிறாள். மெடேயா படத்தில் எங்கேயும் இல்லை. ‘ஜேசன்’ என்று பக்கத்தில் எழுதியிருப்பதால் ஆள் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தக் கதையைச் சொன்ன வாய் எதுவும் இன்று இல்லை, இந்தக் கிண்ணம்தான் அதற்குத் தெளிவான சாட்சி. இது உடைந்து போயிருந்தால் அப்படி ஒரு கதை இருந்தது என்பதே நமக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது.

கே: போரில் ஜெயித்தவர்கள் கிரேக்கர்கள். தங்கள் வீரத்தைத்தானே வரைந்திருப்பார்கள்? (சேலம் வாசகி)

ப: அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு தண்ணீர்க் குடம் இருக்கிறது, கி.மு. 480-ஐ ஒட்டியது, கிளியோஃப்ராடிஸ் ஓவியர் என்று அழைக்கப்படுபவர் வரைந்தது. ட்ராய் வீழ்ந்த இரவு. கிழவன் ப்ரியாம் பலிபீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான், மடியில் பேரப்பிள்ளையின் ரத்தம் வழியும் பிணம். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறான். அக்கிலீஸின் மகன் அவன்மேல் வாளை ஓங்கி நிற்கிறான். பக்கத்தில் அதீனா சிலையைக் கட்டிக்கொண்டிருக்கும் ப்ரியாமின் மகள் கசாண்ட்ராவை ஒரு கிரேக்க வீரன் இழுக்கிறான். இதையெல்லாம் செய்கிறவர்கள் வரைந்தவருடைய சொந்த ஜனங்கள். அவர் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. கி.மு. 480-ல்தான் பாரசீகப் படை ஏதென்ஸையே எரித்தது, எரிகிற ஊர் எப்படி இருக்கும் என்று அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பாரிஸ் லூவ்ரில் ப்ரைகோஸ் ஓவியரின் கிண்ணம் ஒன்றிலும் இதே இரவுதான். அதில் ப்ரியாமின் மகன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமகி இரண்டு கையாலும் உலக்கையைத் தூக்கிக்கொண்டு கவசம் போட்ட வீரர்கள்மேல் பாய்கிறாள். பெயரும் எழுதியிருக்கிறது. ஆமாம், உலக்கைதான். வீட்டில் கைக்குக் கிடைத்தது அதுதானே.

கே: சிரிப்பு வரும் படங்களே கிடையாதா? (பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

ப: இருக்கிறது. லூவ்ரில் உள்ள ஒரு குடத்தில் ஹெராக்ளிஸ் பாதாள உலகத்து நாய் செர்பெரஸைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். மூன்று தலை, மேலெல்லாம் பாம்பு. பிடித்து வா என்று அனுப்பிய ராஜா யூரிஸ்தியஸ் பயத்தில் ஒரு பெரிய குதிருக்குள் இறங்கிக்கொண்டு, கையிரண்டையும் மேலே தூக்கி அலறுகிறான். உன் வகுப்பில் எல்லோருக்கும் காட்டு.

கே: கிரேக்கப் பானை என்கிறீர்கள். ஆனால் படத்துக்குக் கீழே எல்லாம் ‘இத்தாலியில் கிடைத்தது’ என்றே போட்டிருக்கிறதே? (சென்னை வாசகர்)

ப: நல்ல கவனிப்பு. முழுசாகக் கிடைத்த பானைகளில் பெரும்பகுதி மத்திய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் கல்லறைகளில் கிடைத்தவை. அவர்கள் ஏதென்ஸ் பானைகளை விரும்பி வாங்கி, இறந்தவர்களோடு கல்லறை அறைக்குள் வைத்தார்கள், மூடிய அறையில் அவை உடையாமல் பிழைத்தன. எக்செகியாஸின் விளையாட்டுப் பானை கிடைத்த வுல்ச்சியில் 1828-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்தார்கள். அதற்கு முன்பு ரொம்ப காலம் இவை எட்ரஸ்கன்களே செய்தவை என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஆங்கிலேயப் பீங்கான் முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட் 1769-ல் தன் தொழிற்சாலைக்கு ‘எட்ரூரியா’ என்று பெயர் வைத்தார்.

கல்லறையிலிருந்து எடுப்பது என்றதும் யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியரின் கிராட்டர் (மது கலக்கும் பெரிய பாத்திரம்) பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கி.மு. 515 வாக்கில் வரைந்தது. தேவர்களின் ராஜா ஜூயஸின் மகன் சார்பெடான் போரில் இறந்துவிட்டான். உறக்கம், மரணம் என்ற இரண்டு சிறகுள்ள சகோதரர்கள் அவனைத் தூக்குகிறார்கள். ஆள் பெரிய உடம்பு, காயங்களிலிருந்து ரத்தம் இன்னும் வழிகிறது, ஒரு கை தரையை நோக்கித் தொங்குகிறது. நடுவில் தேவர்களின் தூதன் ஹெர்மிஸ் நின்று கவனித்துக்கொள்கிறான். கடவுளின் பிள்ளையாக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை, ஒழுங்காக ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் ஏற்பாடு செய்ய முடிந்தது. இந்தப் பானையை 1971-ல் செர்வெட்டேரி அருகே திருட்டுத்தனமாகக் கல்லறை தோண்டி எடுத்தார்கள். அடுத்த வருஷமே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. இத்தாலி பல வருஷம் போராடி 2008-ல் திரும்பப் பெற்றது, இப்போது அது செர்வெட்டேரியிலேயே இருக்கிறது. பானை வந்துவிட்டது, சரி. ஆனால் அது யாருடைய கல்லறை, பக்கத்தில் என்ன இருந்தது, இறந்தவர் ஆணா பெண்ணா, அந்தப் படத்தை ஏன் அவருக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதெல்லாம் ராத்திரியில் மண்வெட்டியோடு வந்தவர்களால் ஒரேயடியாக அழிந்துவிட்டது. என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கே: கையெழுத்து இல்லாத பானையை யார் வரைந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? (மதுரை வாசகர்)

ப: காது, கணுக்கால், முழங்கால் வளைவு, விரல் நுனி. ஓவியர் யோசிக்காமல் கைப்பழக்கத்தில் போடுகிற கோடுகள் இவை. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் பீஸ்லி வாழ்நாள் முழுக்க இந்த வேலையைச் செய்து, ஆயிரக்கணக்கான பானைகளைக் கைவாரியாகப் பிரித்தார். பெயர் தெரியாதவர்களுக்கு அவர்களின் நல்ல பானை இருக்கும் ஊரை வைத்தும் பெயர் உண்டு, ‘பெர்லின் ஓவியர்’ மாதிரி. பெயர் தெரிந்தவர்களில் யூதிமிடிஸ் என்பவர் ஒரு பானையில் ‘யூஃப்ரோனியோஸால் ஒருநாளும் முடியாதது’ என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே தொழில்.

கே: அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்ஃபோராவும் இதுவும் ஒன்றுதானா? (புதுச்சேரி வாசகர்)

ப: இரண்டு கைப்பிடி வைத்த ஜாடி என்பதால் பெயர் ஒன்று. ஆனால் அரிக்கமேட்டுக்கு வந்தவை ரோமானியக் காலத்தவை, படம் இல்லாதவை. மதுவும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றிவந்த சரக்கு ஜாடிகள். அவற்றில் கிரேக்கத் தீவான கோஸின் மது ஜாடிகளும் உண்டு. ஏதென்ஸில் உருவம் வரையும் வழக்கம் அதற்கு இருநூறு, முந்நூறு வருஷம் முன்பே நின்றுவிட்டது.

கே: ஒரே ஒரு பானையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? (தஞ்சாவூர் வாசகி)

ப: எடுத்துப்போக மாட்டேன், அது இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். பெர்லினில் இருக்கும் சோசியாஸ் கிண்ணம், கி.மு. 500 வாக்கில் செய்தது. கிண்ணத்தின் உள்பக்கம், அடியில், வட்டத்துக்குள் இரண்டு பேர். பெட்ரோகிளஸுக்குக் கையில் அம்பு தைத்துவிட்டது. பிடுங்கிய அம்பு பக்கத்தில் கிடக்கிறது. அக்கிலீஸ் எதிரே குந்தி, வெள்ளைத் துணியால் கட்டுப் போடுகிறான், கண் முழுக்கக் கட்டின்மேலேயே இருக்கிறது. பெட்ரோகிளஸ் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிக்கிறான், அந்தப் பல்லைத் தனியாக வெள்ளை வைத்துக் காட்டியிருக்கிறார் ஓவியர். வலியைத் தாங்க ஒரு காலை வட்டத்தின் ஓரத்தில் அழுத்தி ஊன்றியிருக்கிறான். இலியட்டில் இதுவும் இல்லை.

இது குடிக்கிற கிண்ணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தில் மதுவை ஊற்றிக் கொடுக்கும்போது இவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். குடிக்கக் குடிக்க, மது இறங்க இறங்க, முதலில் அந்த முகம் திருப்பிய தலை தெரியும், அப்புறம் கட்டுப் போடும் கைகள், கடைசி வாயில் அந்த ஊன்றிய கால்.